‘பட்டனை அவனே போட்டுட்டான்!’ - சிறப்புப் பள்ளிகள் சொல்லித்தரும் 18 பாடங்கள்

விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டை வட்டத்தில் இருக்கிறது தாயில்பட்டி. சிவகாசி பக்கத்துப் பட்டாசு கிராமங்களில் ஒன்று. காலையில் ஆலைக்கு ஆள் ஏற்ற வேன் வந்து ஹாரன் அடித்தால், தெருவே பரபரப்பாகிவிடும். தூக்குவாளியில் சோற்றைப் போட்டு, பிள்ளைக்குத் தலை சீவி, கதவைப் பூட்டி ஓட வேண்டும்.

இந்த அவசரத்துக்கு நடுவில், வீட்டில் ஆட்டிசமோ, டவுன் சிண்ட்ரோமோ, அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளை இருந்தால் என்ன நடக்கும்? பையனுக்குப் பத்து வயது ஆகியிருந்தாலும் சட்டை பட்டனை அம்மாதான் போட்டுவிடுவார். இட்லியை அவரேதான் ஊட்டிவிடுவார். அவனாகவே செய்யட்டும் என்று விட்டால் கால் மணி நேரம் ஆகும். வேன் நிற்காதே!

அந்த அம்மாமேல் தப்பு சொல்ல முடியாது. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அவனுக்கு 30 வயது ஆகும்போது அந்தப் பட்டனை யார் போட்டுவிடுவார்கள்?

‘எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்த்துப்பா?’ என்பதுதான் இந்தப் பிள்ளைகளைப் பெற்ற எல்லோருடைய மனசிலும் ஓடும் கேள்வி. அதற்கான பதிலின் முதல் வரி பட்டனில்தான் தொடங்குகிறது. நல்ல சிறப்புப் பள்ளிகள் செய்வதும் அதைத்தான். அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள், எப்படிச் சொல்லித் தருகிறார்கள், அதை வீட்டில் நாம் எப்படித் தொடர்வது? பார்ப்போம்.

18 பாடம்... படிப்பு அதில் மூன்றுதான்!

‘சிறப்புப் பள்ளியில சேர்த்து ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் ‘அ, ஆ’ எழுத வரலையே’ என்று வருத்தப்படும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். அவருக்குக் காட்ட வேண்டிய பட்டியல் ஒன்று இருக்கிறது. அது நம்ம ஊரில் உருவானது.

சென்னையைச் சேர்ந்த சிறப்புக் கல்வி முன்னோடி பேராசிரியர் பி.ஜெயச்சந்திரன், விமலாவுடன் சேர்ந்து 1968-ல் ஓர் அளவுகோலை உருவாக்கினார். 1975-ல் அது திருத்தப்பட்டது. ‘மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்’ என்பது அதன் பெயர். சுருக்கமாக எம்.டி.பி.எஸ். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு எதெல்லாம் முடிகிறது, அடுத்து எதைச் சொல்லித் தரலாம் என்று பார்க்க இந்தியா முழுக்கச் சிறப்பாசிரியர்கள் பயன்படுத்தும் கருவி இது.

இதில் 18 பிரிவுகள். ஒவ்வொன்றிலும் 20 திறன்கள். மொத்தம் 360. பிரிவுகளைப் பாருங்கள்:

- நடப்பது, ஏறுவது போன்ற பெரிய உடல் அசைவுகள்
- விரல்களால் செய்யும் நுட்பமான வேலைகள்
- சாப்பிடுவது
- உடை உடுத்துவது
- சுத்தமாக, நேர்த்தியாக இருப்பது
- கழிப்பறைப் பழக்கம்
- சொன்னதைப் புரிந்துகொள்வது
- நினைத்ததைச் சொல்வது
- மற்றவர்களோடு பழகுவது
- வாசிப்பு
- எழுத்து
- எண்கள்
- நேரம்
- பணம்
- வீட்டு வேலைகள்
- ஊரில், வெளியிடங்களில் போய் வருவது
- பொழுதுபோக்கு
- தொழில்

வாசிப்பு, எழுத்து, எண்கள் என்று நாம் ‘படிப்பு’ என நினைப்பது 18-ல் மூன்றுதான். மீதி 15-ம் வாழ்க்கை. இதில் இன்னொரு நல்ல விஷயம், ஒவ்வொரு பிரிவும் எளிதானதில் ஆரம்பித்து கடினமானதை நோக்கிப் போகும். எல்லாத் திறனும் ‘செய்கிறான்’ என்ற பாணியில்தான் எழுதப்பட்டிருக்கும். பிள்ளைக்கு வராததை எண்ணிக்கொண்டிருக்காமல், வருவதிலிருந்து தொடங்கச் சொல்கிறது அது.

இப்படி மதிப்பிட்ட பிறகு, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஒரு திட்டம் போடுவார்கள். இதுதான் தனிநபர் கல்வித் திட்டம். ‘சாப்பாடு நன்றாகச் சாப்பிட வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அது திட்டம் இல்லை. ‘மூன்று மாதத்தில், ஸ்பூனால் சாதத்தை எடுத்து, சிந்தாமல் ஐந்து வாய் தானே சாப்பிடுவாள்’ என்று எழுதினால்தான் திட்டம். மூன்று மாதம் கழித்து யார் வந்து பார்த்தாலும், நடந்ததா இல்லையா என்று சொல்லிவிட முடியும்.

ஒரு பட்டன்... ஐந்து படி!

பட்டன் போடுவது நமக்கு ஒரு வேலை. சிறப்பாசிரியருக்கு அது ஐந்து வேலை.

1. ஒரு கையால் பட்டனைப் பிடிக்க வேண்டும்.
2. இன்னொரு கையால் துளை இருக்கும் ஓரத்தைப் பிடிக்க வேண்டும்.
3. பட்டனைப் பாதி துளைக்குள் தள்ள வேண்டும்.
4. மறுபக்கம் வந்த பாதியை விரலால் பிடிக்க வேண்டும்.
5. இழுக்க வேண்டும்.

இப்படி ஒரு வேலையைச் சின்னச் சின்னதாக உடைப்பதுதான் சிறப்புக் கல்வியின் அடிப்படை. அதில் ஒரு சூட்சுமமும் இருக்கிறது. கடைசிப் படியில் இருந்து சொல்லித் தருவார்கள். முதல் நான்கையும் ஆசிரியர் செய்துவிடுவார், கடைசியாக ‘இழுப்பது’ மட்டும் பிள்ளையின் வேலை. அது பழகியதும் நான்காவது படியும் பிள்ளைக்குப் போகும். அப்புறம் மூன்றாவது.

ஏன் கடைசியில் இருந்து? முதல் படியில் ஆரம்பித்தால், பாதியில் திணறி, கடைசியில் நாம் வாங்கி முடித்துக் கொடுப்போம். ‘என்னால முடியலை’ என்ற நினைப்புதான் பிள்ளைக்கு மிஞ்சும். கடைசியில் ஆரம்பித்தால் ஒவ்வொரு தடவையும் வேலையை முடித்தது பிள்ளைதான். கைதட்டலும் அதற்குத்தான்.

உதவியையும் இப்படியே படிப்படியாகக் குறைப்பார்கள். முதலில் கையைப் பிடித்துச் செய்யவைப்பது, பிறகு முழங்கையை லேசாகத் தொடுவது, பிறகு விரலால் காட்டுவது, பிறகு வாயால் சொல்வது. கடைசியில் ஒன்றுமே சொல்லாமல் காத்திருப்பது. இருப்பதிலேயே கஷ்டம் இந்தக் காத்திருப்புதான். பெரியவர்களுக்கு!

‘வேணாம்’ என்பதும் ஒரு பாடம்

சொன்னதைக் கேட்டு, கைகட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தால் ‘நல்லா பழக்கியிருக்காங்க’ என்போம். ஆனால் எல்லாவற்றுக்கும் தலையாட்ட மட்டும் பழகிய பிள்ளை, தப்பான ஆள் கூப்பிட்டாலும் போய்விடும். அதனால் ஆளுமை வளர்ச்சியில் முக்கியமான பகுதி, தேர்ந்தெடுக்கச் சொல்லித் தருவது. சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா? சேவா, கடலைமிட்டாயா? இரண்டையும் காட்டி, பிள்ளை கை நீட்டும் வரை பொறுத்திருக்க வேண்டும். ‘வேணாம்’ என்று தலையை ஆட்டினால் அதற்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும்.

‘பேச்சே வரலையே, எப்படிச் சொல்லுவான்?’ என்று கேட்கலாம். பேச்சு வராத பிள்ளைக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. தண்ணீர், பசி, வலி, டாய்லெட், போதும் என்று படங்களை அட்டையில் ஒட்டிக் கொடுத்தால், தொட்டுக் காட்டும். செல்போனே இந்த அட்டையாக மாறிவிட்டது. பெருமூளை வாதம், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகச் சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ ஆப்பில் படத்தைத் தொட்டால் போன் பேசும். சென்னையில் 1985 முதல் இயங்கும் வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து உருவாக்கப்பட்டது அது. ‘படத்தைக் காட்டிப் பழக்கினா பேச்சு வராமப் போயிடும்’ என்று பயப்பட வேண்டாம். சொன்னது புரிந்துகொள்ளப்படுகிறது என்று தெரிந்தால், சொல்லும் ஆசைதான் கூடும்.

வெடிச் சத்தமும் அடம்பிடித்தலும்

பட்டாசு ஊரில் வளரும் பிள்ளைக்கு வெடிச் சத்தம் புதுசு இல்லை. ஆனால் ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு, நமக்குச் சாதாரணமான சத்தமே காதுக்குள் ஊசி குத்துவது மாதிரி இருக்கும். காதைப் பொத்திக்கொண்டு கத்தும், தலையில் அடித்துக்கொள்ளும், ஓடும். பார்ப்பவர்களுக்கு அது ‘அடம்’.

இந்த இடத்தில் சிறப்பாசிரியர்கள் ஒரு நோட்டு போடுவார்கள். அதற்கு முன்னால் என்ன நடந்தது? பிள்ளை என்ன செய்தது? அதன் பிறகு என்ன கிடைத்தது? இந்த மூன்றையும் பத்து நாள் எழுதினால் காரணம் தன்னால் தெரிந்துவிடும். சத்தம் காரணம் என்றால் காதை மூடும் ஹெட்போன் உதவும். வேலையில் இருந்து தப்பிக்கத்தான் கத்துகிறது என்றால் வேலையைச் சின்னதாக்க வேண்டும். வலியைச் சொல்லத் தெரியாமல் கத்துகிறது என்றால் பல்லையும் காதையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். கத்தல் ஒன்றேதான், காரணம் மூன்று. எல்லாவற்றுக்கும் அடி என்ற ஒரே மருந்தைக் கொடுத்தால் ஒன்றுமே சரியாகாது.

முன்கூட்டியே சொல்வதும் நன்றாகப் பலன் தரும். தமிழ்நாட்டில் தீபாவளி அன்று பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7 மணி, இரவு 7 முதல் 8 மணி என்றுதான் அரசு நேரம் ஒதுக்கிவருகிறது. அந்த நேரத்தைக் கடிகாரப் படத்தில் குறித்து, ‘இப்போ சத்தம் வரும், இப்போ முடிஞ்சிடும்’ என்று ஒரு வாரம் முன்பே காட்டிப் பழக்கலாம். உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், வெடிக்கும் முன் அந்த வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதுவே பெரிய உதவி.

உடம்பு வளரும், பேசித்தான் ஆகணும்

மனசு குழந்தையாக இருக்கிறது என்பதால் உடம்பு காத்திருக்காது. மாதவிடாய், மீசை, உடல் மாற்றங்கள் எல்லாம் வரும். வந்த பிறகு பதறுவதைவிட முன்கூட்டியே பழக்குவது நல்லது. நாப்கினை எடுப்பது, உள்ளாடையில் ஒட்டுவது, மாற்றுவது, காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுவது, கை கழுவுவது என்று படம் வரைந்து குளியலறைச் சுவரில் ஒட்டி, முதல் மாதவிடாய்க்கு முன்பே ஒத்திகை பார்க்கலாம். பையன்களுக்கு, கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டியவை எவை, நாலு பேர் முன்னால் செய்யக் கூடாதவை எவை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கூடவே, யார் தொடலாம், எங்கே தொடலாம் என்ற பாடமும் அவசியம். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது என எல்லாவற்றுக்கும் பிறர் கையை நம்பியிருக்கும் பிள்ளைக்கு, தப்பான தொடுதல் எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். தானே குளிக்கப் பழக்குவது அதனால் பாதுகாப்பும்கூட. குழந்தையின் மாற்றுத்திறனைச் சாதகமாக்கிக்கொண்டு நடக்கும் பாலியல் குற்றத்துக்கு 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தில் கூடுதல் தண்டனை உண்டு. சந்தேகம் வந்தால் 1098-க்கு அழைக்கலாம்.

பத்து ரூபாயும் பெட்டிக்கடையும்

பணத்தைப் பற்றி வகுப்பில் எவ்வளவு சொன்னாலும், கடைக்குப் போனால்தான் வரும். பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்து, பெட்டிக்கடையில் பிஸ்கட் வாங்கிவரச் சொல்வதில் எத்தனை பாடம்! ரோட்டைப் பார்த்துக் கடக்கணும், வரிசையில் நிற்கணும், கேட்கணும், காசு கொடுக்கணும், திரும்பி வரணும். இப்போது எல்லோரும் போனைக் காட்டிப் பணம் அனுப்புவதால், காசு கைமாறுவதையே இந்தப் பிள்ளைகள் பார்ப்பதில்லை. ஜிபே எல்லாம் பிறகு. முதலில் நிஜக் காசில் பழகட்டும். கடைக்காரரிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும், ஒரு கடையே வகுப்பறையாகிவிடும்.

பஸ் போர்டில் தன் ஊர்ப் பெயரை அடையாளம் காண்பது, தன் பெயரையும் அப்பா, அம்மா போன் நம்பரையும் சொல்வது அல்லது அட்டையைக் காட்டுவது, தீ, கரன்ட், ‘அபாயம்’ குறி இவற்றைக் கண்டால் விலகுவது எல்லாம் இதே வகை. பட்டாசுப் பகுதியில் இந்தக் கடைசிப் பாடத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. வீட்டில் வைத்துப் பட்டாசு செய்வது சட்டவிரோதம். மருந்தும் திரியும் கிடக்கும் வீட்டில், ஆபத்து புரியாத பிள்ளை இருப்பது இன்னும் பெரிய ஆபத்து.

என்ன வேலைக்குப் போவான்?

இந்தப் பக்கத்தில் வேலை என்றாலே முதலில் நினைவுக்கு வருவது பட்டாசும் தீப்பெட்டியும்தான். 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 18 வயது நிரம்பாத யாரையும் வெடிபொருள் வேலையில் சேர்க்கக் கூடாது. 18 தாண்டினாலும், ஒரு நொடியில் ஆபத்தை உணர்ந்து ஓட வேண்டிய இடம் அது. எல்லோருக்கும் அது ஒத்துவராது.

ஆனால் சிவகாசி என்றால் பட்டாசு மட்டும் இல்லையே. காலண்டர், நோட்டு, டைரி, லேபிள் என்று அச்சுத் தொழிலும் இங்கே பெரிது. தாள் எண்ணுவது, மடிப்பது, கவர் ஒட்டுவது, அடுக்கிக் கட்டுவது போன்ற வேலைகளில் ஒரே செயல் திரும்பத் திரும்ப வரும். நமக்கு அலுப்பூட்டும் அந்த ஒழுங்கு, சில பிள்ளைகளுக்கு நிம்மதி தரும். வேறு சிலருக்குச் செடி வளர்ப்பதும், சமையலறையில் உதவுவதும் பிடிக்கும். எது பிடிக்கிறது என்று 14, 15 வயதிலேயே பல வேலைகளைப் பயிற்சியாகத் தொட்டுப் பார்க்க வைப்பதுதான் பள்ளியின் வேலை.

கையில் தொழில் இருந்தால் மட்டும் போதாது. நேரத்துக்கு வருவது, ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததைக் கேட்பது, தெரியாவிட்டால் உதவி கேட்பது, யாரும் பார்க்காதபோதும் வேலையைத் தொடர்வது என்று வேலைப் பழக்கங்களும் வேண்டும். அவற்றின் ஆரம்பம் வகுப்பில் தன் பையைத் தானே ஆணியில் மாட்டிய முதல் நாள்தான்.

ஆய்க்குடி சொல்லும் கதை

‘இதெல்லாம் சென்னையில நடக்கும், நம்ம பக்கம் எங்க?’ என்பவர்கள், பக்கத்து மாவட்டமான தென்காசியில் இருக்கும் ஆய்க்குடியைப் பார்க்கலாம். அந்த ஊரைச் சேர்ந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வில் கலந்துகொண்டபோது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல், மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச ஆண்டில், சொந்த ஊரில் ‘அமர் சேவா சங்கம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை அதற்கு வைத்தார். பின்னாளில், தசைச் சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட ஆடிட்டர் எஸ்.சங்கரராமனும் சேர்ந்துகொண்டார்.

சில பிள்ளைகளோடு தொடங்கிய அந்த முயற்சியில் இன்று சிறப்புப் பள்ளி, தெரபி, தொழிற்பயிற்சி, கிராமம் கிராமமாகப் போய்ச் சிறு வயதிலேயே குறைபாட்டைக் கண்டறியும் பணி என எல்லாம் நடக்கின்றன. 2020-ல் ராமகிருஷ்ணனுக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வீல்சேரில் இருக்கும் இருவர் நடத்தும் இடத்தில் வளரும் பிள்ளைக்கு, ‘உன்னாலயும் முடியும்’ என்று தனியாக வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

பள்ளியில் சேர்க்கும் முன் கேளுங்க

- ஆசிரியர்கள் ரிஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியாவில் பதிவு பெற்றவர்களா?
- என் பிள்ளைக்கான தனித் திட்டத்தை எழுத்தில் காட்டுவீர்களா? அதைப் போடும்போது என்னையும் உட்கார வைப்பீர்களா?
- எத்தனை மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்றத்தைப் பார்ப்பீர்கள்?
- பிள்ளை கத்தினால், அடித்தால் என்ன செய்வீர்கள்? (கட்டிப்போடுவோம், அறையில் பூட்டுவோம் என்றால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.)
- 18 வயதுக்குப் பிறகு என்ன வழி?

இதையெல்லாம் விட்டுடாதீங்க

- 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 40 சதவிகிதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு இலவசக் கல்வி உரிமை. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் தேர்வு.
- யு.டி.ஐ.டி அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். பராமரிப்பு உதவித்தொகை உள்ளிட்டவற்றுக்கு ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகவும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழக அரசின் மாத உதவி 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாய்.
- வட்டார வளமையத்தில் சிறப்பாசிரியர்களும் தெரபியும் உண்டு. பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லித் தரும் ஏற்பாடும் உண்டு.
- 18 வயது ஆனதும், சட்டப்படி பெற்றோர் தானாகவே பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் கீழ், ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலரை நியமிக்கலாம். அதே டிரஸ்ட்டின் ‘நிரமயா’ திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு.

அண்ணன், அக்காக்களுக்கு...

இதைப் படிக்கும் பலருக்கு அப்படி ஒரு தம்பியோ, தங்கையோ, சித்தி பையனோ இருக்கலாம். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அவனைப் பார்த்ததும் கன்னத்தைக் கிள்ளி, ‘செல்லக்குட்டி’ என்று கொஞ்சுவதோடு நிறுத்தாதீர்கள். 16 வயதுப் பையனை 16 வயதுப் பையனாகவே நடத்துங்கள். வீட்டு விசேஷத்தில் தண்ணீர் பாட்டில் கொடுக்கும் பொறுப்பைக் கொடுங்கள். அவன் சிந்தினால் துணியை அவனிடமே கொடுத்துத் துடைக்கச் சொல்லுங்கள். ஆச்சி ஓடிவந்து வாங்குவார். ‘அவனே செய்யட்டும் ஆச்சி’ என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, காலை வேனுக்கு வருவோம். வேலை நாளில் ஐந்து படியையும் பழக்க நேரம் இருக்காது. அதனால் நான்கை அம்மாவே செய்துவிடட்டும். கடைசியாக இழுப்பதை மட்டும் பையனிடம் விடட்டும். அதற்குப் பத்து நொடி போதும். ஞாயிற்றுக்கிழமை வேன் ஹாரன் கிடையாது. அன்றைக்கு மீதி நான்கையும் நிதானமாகப் பழக்கலாம்.

என்றாவது ஒரு திங்கட்கிழமை, அம்மா தூக்குவாளியை மூடிவிட்டுத் திரும்பும்போது, மேலே ஒரு பட்டனை விட்டு, கீழே ஒரு துளை மாறி, கோணல்மாணலாகச் சட்டை போட்டுக்கொண்டு அவன் நிற்பான். தயவுசெய்து அதைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிடாதீர்கள். அப்படியே பள்ளிக்கு அனுப்புங்கள்.